மலை ரயில் மாதிரிக் காட்சியை வெயிலில் வைத்துப் படமெடுப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. கோவையில் வசிக்கும் ஒருவர், நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதியை மனத்தில் கொண்டு, 1:87 அளவில், மூன்றடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றில் ஒரு மாதிரிக் காட்சியைச் செய்து வருகிறார். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாம் பொம்மையாகவே தெரிகின்றன. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் எடுத்தால் மாறுமா, அப்படி எடுப்பதற்காகக் காட்சியை எப்படி அமைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நிச்சயம் மாறும். இந்தக் கலையில் நாம் சுருக்கத் தேவையில்லாத ஒரே பொருள் சூரிய ஒளிதான். தண்டவாளத்தையும் மரத்தையும் மனிதரையும் 87-இல் ஒரு பங்காகச் சுருக்குகிறோம். வெயிலை மட்டும் இருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகை. அதனால் ஒரு நிழலின் ஓரம் எவ்வளவு மங்குகிறது என்பது, நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமைகிறது. பத்து மீட்டர் தள்ளி விழும் மரக்கிளை நிழலின் ஓரம் சுமார் 9 செ.மீ. மங்கும். அதே கிளை மாதிரியில் 11.5 செ.மீ. தள்ளி நிழலை வீழ்த்தும்போது ஓரம் ஒரு மில்லிமீட்டர் மங்கும். அதை 87-ஆல் பெருக்கினால் மீண்டும் அந்த 9 செ.மீ.தான் வருகிறது. எந்த அளவில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வீட்டு விளக்கில் இது நடக்காது. நான்கடி டியூப்லைட் என்பது 1:87 உலகில் நூறு மீட்டருக்கு மேல் நீண்டு, மலைக்குச் சற்று மேலே தொங்கும் ஒரு விளக்கு. அதன்கீழ் நிழல் எங்கும் தெளிவாக விழாது. குண்டு பல்பை வைத்தால் நிழல் கூர்மையாக விழும், ஆனால் ஒவ்வொரு மரத்தின் நிழலும் வெவ்வேறு திசையில் விரியும். தவிர, பலகையின் ஒரு முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த விளக்கின் ஒளி, மறுமுனைக்குப் போவதற்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பார்ப்பவர் இதையெல்லாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவருடைய கண் ஒரு நொடியில் ‘இது மேசைமேல் இருக்கும் பொருள்’ என்று முடிவு செய்துவிடுகிறது. உங்கள் படங்களின் குறை பெரும்பாலும் உங்கள் கைவேலையில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

வெளியில் வேலை செய்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2018-இல் காலமான அமெரிக்கர் மைக்கேல் பால் ஸ்மித். ‘எல்ஜின் பார்க்’ என்ற கற்பனை ஊரை உருவாக்கிய அவர், 1:24 அளவுக் கார்களையும் தாமே செய்த கட்டடங்களையும் வெளியில் ஒரு மேசைமேல் வைத்து, பின்னால் உண்மையான தெருவும் மரங்களும் அமையும்படி, விலை குறைந்த சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றால் படமெடுத்தார். மாதிரியின்மேலும் பின்னணியின்மேலும் விழுந்தது ஒரே சூரியனின் ஒளி என்பதால் இரண்டுக்கும் இடையே ஒட்டுத் தெரியவில்லை. நீங்கள் செய்யவேண்டியதும் இதுதான். தெருவுக்குப் பதிலாக உங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது.

இனி அமைப்பதைப் பற்றிப் பார்ப்போம். வெயிலுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் பல முடிவுகள் மாறும். முதலாவது, வண்ணம் தீட்டுவதைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே செய்யுங்கள். இரவில் எல்இடி விளக்கின்கீழ் பொருத்தமாகத் தெரிந்த பச்சை, காலை வெயிலில் பிளாஸ்டிக் பச்சையாக நிற்கும். கடையில் கிடைக்கும் பச்சை எதையும் அப்படியே பூசாமல், சிறிது மஞ்சள் காவியும் மிகச் சிறிது பழுப்பும் கலந்து அடக்கிக்கொள்ளுங்கள். பலகையின் பின்விளிம்பை நெருங்க நெருங்க நிறம் வெளிறி நீலம் ஏறட்டும், ஏனென்றால் உண்மையான மலை தொலைவில் அப்படித்தான் தெரிகிறது. இரண்டாவது, பளபளப்பு. பிளாஸ்டிக் இன்ஜின், நைலான் புல், காய்ந்த பசை ஆகிய மூன்றும் வீட்டுக்குள் சும்மா இருந்து வெயிலில் மின்னும். எல்லாவற்றின்மேலும் மினுக்கமில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சாவது வேண்டும்.

ஜல்லிக்கு ஆற்று மணலை விட எம்-சாண்ட் மிகவும் மேலானது. ஆற்று மணல் உருண்டு வழவழப்பாக இருக்கும். எம்-சாண்ட் பாறையை உடைத்து எடுத்தது; அதன் துகள் ஒவ்வொன்றும் முனையும் பட்டையுமாக, தண்டவாள ஜல்லியின் சிறு வடிவமாகவே இருக்கும். நம் ரயில் பாதைகளில் போடும் ஜல்லியின் பெரிய கல் 65 மி.மீ. அளவு இருக்கும், அது 1:87-இல் முக்கால் மில்லிமீட்டர். ஆகவே டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுவதில் மாவாக இருப்பதைத் துணியில் சலித்து நீக்கிவிட்டால் மிஞ்சுவதே நமக்கு வேண்டிய ஜல்லி. சலித்ததை ஒரு காகிதத்தில் பரப்பி, அடியில் அல்ல, மேலே காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் கரும்பொடியை அகற்றாவிட்டால் ஓடும் இன்ஜினின் மோட்டாருக்குள் அது போய்ச் சேரும். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே உலர்ந்த ஜல்லியைத் தூவி, தூரிகையால் ஒழுங்குபடுத்தி, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரைப் புகையாகத் தெளித்த பிறகு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தச் சோப்புத் துளி இல்லாவிட்டால் பசைத்துளி ஜல்லிமேல் முத்தாக உருண்டு நின்று, கற்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குழியை உண்டாக்கும்; சோப்பு இருந்தால் பட்டவுடன் உள்ளே இறங்கி மறைந்துவிடும்.

மலைப் பாறைக்கு, தெர்மாகோல் அடுக்குகளைச் சரிவாக வெட்டி ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பாறை முகங்களைப் பதிப்பதே எளிய வழி. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி விரித்து, அதில் குழைத்த பிளாஸ்டரை ஊற்றினால், இறுகியபின் உடைந்த பாறையின் முகமே கிடைக்கும். நீலகிரியின் பாறை சார்னோக்கைட். புதிதாக உடைந்த இடத்தில் நீலம் கலந்த கருஞ்சாம்பல். மழை வெயிலில் நாள்பட்ட முகத்தில் பழுப்பும் கறுப்புக் கோடுகளும். வெள்ளைப் பிளாஸ்டரின்மேல் மிக நீர்த்த கறுப்பையும் பழுப்பையும் மாற்றி மாற்றி வழியவிட்டால் போதும், தடித்த பெயின்ட் வேண்டாம். மண்ணுக்கு உண்மையான மண்ணையே வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் பசை பட்ட மண் ஒரு படி கறுத்துவிடும் என்பதால், வேண்டியதைவிட வெளிறிய மண்ணாகத் தேர்ந்தெடுங்கள். காகிதக் கூழுக்கு மைதாப் பசை காய்ச்சுவதானால், புத்தகம் பைண்டிங் செய்பவர்களைப் போல மயில்துத்தம் சிறிது கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரப்பானும் பூச்சியும் மலையைத் தின்றுவிடும். மயில்துத்தம் நச்சுப்பொருள், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

மரங்கள்தான் பெரும்பாலான காட்சிகளில் பொய் சொல்லும் இடம். கடையில் விற்கும் மாதிரி மரம் எட்டு முதல் பத்து செ.மீ. உயரம் இருக்கும். 1:87-இல் அது ஏழெட்டு மீட்டர் மரம், அதாவது தோட்டத்து மரம். கல்லாறுக்கு மேலே உள்ள காட்டில் இருபது மீட்டர் மரம் சாதாரணம், அது 23 செ.மீ. உயரத்துக்கு வரவேண்டும். ரயில் பெட்டியைவிட மரம் பல மடங்கு ஓங்கி நின்றால்தான் அந்தப் பாதையின் குணம் படத்தில் வரும். மெல்லிய கம்பிகளை முறுக்கிக் கிளைபிரித்துத் தண்டு செய்யலாம். சிறு மரங்களுக்குக் காய்ந்த துளசிக் கதிர்க்கொத்துகள் நன்றாக உதவும். இலைக்கு, அரைத்துச் சாயமேற்றிய பஞ்சுத்துகள் போதும். துணிச்சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதால் அக்ரிலிக் வண்ணத்தில் தோய்த்துக் காயவைப்பது நல்லது. எந்த மரத்தையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். அடியில் கம்பி முனையை நீட்டிவிட்டு, தெர்மாகோல் மலையில் குத்தி நிறுத்துங்கள். வெளியில் படமெடுக்கும்போது பின்னணியில் தெரியும் ஒரு தண்ணீர்த் தொட்டியை மறைக்க, ஒரு மரத்தை இரண்டு அங்குலம் நகர்த்தவேண்டி வரும். அந்த வசதி மிகவும் பெரியது.

பாதையைப் பற்றிச் சில செய்திகள். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். 1:87-இல் அதற்கு 12 மி.மீ. தண்டவாளமே பொருந்தும், 1,435 மி.மீ. அகல ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உரிய 16.5 மி.மீ. அல்ல. தண்டவாளத்தின் உயரத்தையும் பார்க்கவேண்டும். பரவலாகக் கிடைக்கும் ‘கோட் 100’ தண்டவாளம் (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு உயரம் என்பதே அந்த எண்) 2.54 மி.மீ. உயரம், உண்மை அளவில் 22 செ.மீ. ஆகிறது. நம் அகலப் பாதையில் மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளமே 156 மி.மீ.தான் உயரம். கேமராவைத் தரையோடு தரையாக வைக்கும்போது இந்தத் தடிமன் உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே ‘கோட் 70’ அல்லது அதைவிட மெல்லியதைத் தேடுங்கள், பக்கங்களில் துருப் பழுப்பு பூசுங்கள். ஏற்றம் 12-க்கு 1 வரை செல்லும் பாதை அது. மூன்றடிப் பலகையில் ஏழரை செ.மீ. உயரவேண்டும். படத்துக்காக நிறுத்தி வைப்பதுதானே என்பதால் தயங்காமல் அந்த ஏற்றத்தையே கொடுங்கள், இரு தண்டவாளங்களுக்கு நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் பற்றி ஏறும் பல்தண்டவாளத்தையும் மறக்கவேண்டாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இன்ஜின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளிக்கொண்டு போகும். ஏற்றத்தில் இன்ஜினை முன்னால் வைத்த ஒரு படம், அந்த ரயிலில் ஒருமுறை போனவருக்கும் உறுத்தும். பெட்டிகளின் முன்மேடையில் பிரேக் பிடிப்பவர் நிற்பார், அவருக்கு ஓர் உருவம் செய்து நிறுத்துங்கள்.

ஓடைக்கு உண்மைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒளி எந்த அளவிலும் ஒன்றுபோல நடந்துகொள்ளும், தண்ணீர் அப்படியில்லை. அதன் துளி சிறுக்காது, கரையில் விளிம்பு கட்டி நிற்கும், அலை பெரிதாகத் தெரியும். புகையும் அப்படியே. இன்ஜின் புகைபோக்கியில் ஊதுவத்தி வைத்து எடுத்தால் அது ஊதுவத்திப் புகையாகவே சுருளும். ஓடைக்கு ஒளிபுகும் ரெசினும், இன்ஜினுக்குப் புகையின்மையும் போதும்.

இப்போது மாடிக்கு வருவோம். கோவையில் மலை மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கிறது. ஆகவே காலையில் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் கிழக்கில் இருந்து மலையையும் மாதிரியையும் ஒன்றாக ஒளியூட்டும். மாலையில் அதே மலை வெறும் நிழலுருவாகிவிடும். வெயில் நேர் முதுகில் விழாமல் ஒரு தோள்பக்கமாக விழும்படி பலகையைத் திருப்பினால் பாறையின் மேடுபள்ளம் எழுந்து நிற்கும். கோடையில் ஏழிலிருந்து எட்டரை வரை, மார்கழி தை மாதங்களில் எட்டிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். நடுப்பகல் உதவாது. நம் அட்சரேகையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராகவே வந்துவிடும், நிழல்கள் மரத்தடியில் சுருண்டுவிடும்.

பலகையைத் தரையில் வைக்காமல், கைப்பிடிச் சுவரைவிட உயரமாக, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தொடுவானம் எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே விழும். லென்ஸ் மாதிரித் தரைக்குச் சற்று மேலே இருந்தால், அதற்குக் கீழே உள்ள வீடுகளையும் கம்பிகளையும் பலகையே மறைத்துவிடும். மேலே எழும் மலை மட்டும் காட்சியில் நிற்கும். பலகையின் பின்விளிம்பை நேர்கோடாக விடாமல், புதரும் மேடுமாக ஒழுங்கில்லாமல் முடியுங்கள். பின்னணி மரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் நிற்கும் மாதிரி மரம், 87 மீட்டரில் நிற்கும் உண்மை மரத்தின் பருமனிலேயே தெரியும். எனவே பின்னால் வரும் உண்மை மரம் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பக்கத்து வீட்டுத் தென்னை வந்தால் படம் கெட்டது.

கேமரா நிற்கவேண்டிய இடம், அந்த உலகின் மனிதர் நிற்கும் இடம். நின்றிருப்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம். மாதிரியில் 18 மி.மீ. பாதையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று ரயிலைப் பார்ப்பவர், மாதிரியில் 35 செ.மீ. தள்ளி நிற்கிறார். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் எவ்வளவு உழைத்திருந்தாலும் மேசைதான் தெரியும். இந்த வகையில் கைபேசி பெரிய கேமராவை வெல்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பலகைமேல் நிறுத்தினால் லென்ஸ் தரைக்கு ஓரிரு செ.மீ. மேலேயே வந்துவிடும். பெரிய கேமராவின் உடல் அங்கே நுழையாது.

அடுத்தது கூர்மை. உண்மையான ஊரை உயரத்திலிருந்து எடுத்து, படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கினால் அது பொம்மை ஊராகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் சிக்கல் அதன் மறுபக்கம். முழுச்சட்டக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை (அபர்ச்சரை) எஃப்/16 என்ற சிறிய அளவில் வைத்து 35 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாக விழும் ஆழம் நான்கு செ.மீ. அளவுதான். இன்னும் அபர்ச்சரைச் சுருக்கினால் ஒளி சிதறி எல்லாமே சற்று மழுங்கும். ஆகவே, முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக ஃபோகஸை நகர்த்திப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பதே முறை. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் ஆகியவை இதற்கென்றே உள்ளவை. வெளிச்ச அளவும் வெண்சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பும்) எல்லாப் படங்களிலும் மாறாமல் கையால் அமைத்துவிடுங்கள். விரைவாகவும் முடிக்கவேண்டும்; சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, காலையில் 10 செ.மீ. மரத்தின் நிழல்நுனி அதற்குள் அரை செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். கைபேசியின் சிறு லென்ஸில் ஆழம் இயல்பாகவே அதிகம், சேர்க்கவேண்டிய படங்கள் குறைவு. அதில் போர்ட்ரெய்ட் முறையை ஒருபோதும் தொடாதீர்கள், அது நாம் ஒழிக்க நினைக்கும் மங்கலையே செயற்கையாகக் கொண்டுவரும். நிழல்களைத் தானாகவே வெளுப்பாக்கும் எச்டிஆரையும் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை அரைப்படி குறைத்து எடுங்கள். நிழல் கறுப்பாக இருக்கட்டும், அதற்காகத்தானே மாடிக்கு வந்தோம்.

காற்றுதான் பெரிய எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோவைக்கு வரும் காற்றில், கம்பி மரங்கள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். சேர்க்கும்போது இலைகள் இரட்டையாகத் தெரியும். அந்த மாதங்களில் ஒரே படமாக எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைகள் பெரும்பாலும் அசைவற்றவை, மலைமேல் மெல்லிய மூட்டமும் இருக்கும். மேகமூட்டமான நாளையும் ஒதுக்காதீர்கள். பரந்த வானத்தின் நிழலற்ற ஒளியும் எந்த அளவுக்கும் பொருந்துவதுதான். குன்னூர்ப் பக்கத்து மூடுபனிக் காட்சிக்கு அதுவே சரியான வெளிச்சம்.

வெயிலில் மாதிரியை அதிக நேரம் விடக்கூடாது. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் செய்த பாகங்கள் 60 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், கறுப்பு இன்ஜினின் கூரை நேர்வெயிலில் அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். இன்ஜினையும் பெட்டிகளையும் கடைசியாகக் கொண்டுவந்து, படம் முடிந்தவுடன் முதலில் நிழலுக்கு எடுத்துச் செல்லுங்கள். இடையில் காட்சியை மாற்றி அமைக்கும் நேரம் முழுவதும் பலகைமேல் ஒரு வெள்ளைத் துணி கிடக்கட்டும்.